வாடிக் காட்டாத செடி: இசட் இசட்டுடன் ஐந்தரை ஆண்டுகள்

தென்காசியில் இருக்கும் என் பள்ளித் தோழி சென்ற வாரம் தொலைபேசியில் ஒரு யோசனை கேட்டாள். அவளுடைய மகன் அடுக்குமாடியில் புது வீடு வாங்கியிருக்கிறான். கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிறவர்கள், பகலில் வீட்டில் ஆள் இருக்காது. அதிகம் கவனிக்கத் தேவையில்லாத செடி இரண்டு வாங்கி உள்ளே வைக்க வேண்டும், உன் வீட்டுப் பட்டாசல் கூடத்தில் பளபளவென்று நிற்கிறதே இசட் இசட் (ZZ) செடி, அதையே வாங்கிவிடலாமா என்றாள். இரண்டு மாதங்களுக்கு முன்பு கேட்டிருந்தால் தயங்காமல் வாங்கு என்று சொல்லியிருப்பேன். அவள் கேட்ட அன்று காலையில்தான் அந்தச் செடியின் 17 தண்டுகளில் 11-ஐ வெட்டிக் குப்பைக் குழியில் போட்டுவிட்டு, விரல்களிலிருந்து அழுகல் வாடை போகாமல் உட்கார்ந்திருந்தேன். அவளிடம் அன்று பாதியில் நிறுத்திய பேச்சை இங்கே முழுமையாக எழுதுகிறேன்.

செங்கோட்டையில் எங்கள் வீடு, தெருவாசலில் தொடங்கிப் புறவாசல் வரை நீளும் பழைய ஓட்டு வீடு. இரண்டு பக்கமும் பொதுச்சுவர் என்பதால் பட்டாசலுக்குச் சன்னல் கிடையாது. கூரையில் பதித்த இரண்டு கண்ணாடி ஓடுகள் வழியாக இறங்கும் வெளிச்சம் மட்டும்தான். அந்த இடத்தில் குரோட்டன்ஸ் வைத்துப் பார்த்தேன், நிறம் வெளுத்து இலை உதிர்த்தது. 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்த ஊர் என்பதாலோ என்னவோ, செடி வாங்க வேண்டும் என்றால் இன்றும் எங்களுக்குக் கால் மேற்குப் பக்கம்தான் போகும். 2019 டிசம்பரில் ஆரியங்காவு தாண்டிப் புனலூர்ச் சாலையோரத்து நர்சரி ஒன்றில் நான்கு தண்டுகளோடு இருந்த இசட் இசட் செடியை 350 ரூபாய் கொடுத்து வாங்கினேன். விற்ற பெண், "ஒண்ணும் செய்யண்ட சேச்சீ, வெள்ளம் கொறச்சு மதி" என்றாள், ஒன்றும் செய்ய வேண்டாம் அக்கா, தண்ணீர் கொஞ்சம் போதும் என்று. அவள் சொன்னதில் இரண்டாம் பாதி முழு உண்மை. முதல் பாதியை நான் நம்பியதுதான் இத்தனைக்கும் தொடக்கம்.

செடியின் நல்ல குணங்களை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவை உண்மையிலேயே பெரியவை. 2022 கோடையில் மகளின் பிரசவத்துக்காகப் பெங்களூரு சென்று 40 நாள் வீட்டைப் பூட்டி வைத்திருந்தோம். சித்திரை வெயிலில் ஓடு காய்ந்து, முற்றத்துத் துளசி சருகாகிவிட்டிருந்தது. பட்டாசலில் இது மட்டும் ஒரு சிற்றிலைகூடச் சுருங்காமல் இரண்டு புதுத் தண்டுகளை விட்டு நின்றது. சேம்பு, சேனை, கருணைக்கிழங்கு ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்த செடி இது. சொந்த ஊர் கிழக்கு ஆப்பிரிக்கா. கென்யாவிலிருந்து தென்னாப்பிரிக்காவின் வடகிழக்குவரை, மாதக்கணக்கில் மழை பொய்க்கும் இடங்களில் வளர்வது. 1990-களின் நடுவில் நெதர்லாந்து வளர்ப்பாளர்கள் பெருமளவில் பதியம் செய்து விற்கத் தொடங்கிய பிறகுதான் உலகம் முழுவதும் வீடுகளுக்குள் வந்தது. மண்ணுக்குள் உருளைக்கிழங்கு போலத் திரண்ட கிழங்கிலும், சதைப்பற்றான தண்டின் அடியிலும் அது தண்ணீரைச் சேமித்து வைத்துக்கொள்கிறது. ஒற்றைச் சிற்றிலையைக் கிள்ளி மணலில் செருகினால் அதன் காம்பு முனையில் பட்டாணி அளவில் கிழங்கு கட்டும். எனக்கு அதற்கு எட்டு மாதம் ஆயிற்று. அப்படி உண்டாக்கிய ஆறு கன்றுகள் எங்கள் தெருவில் ஆறு வீடுகளில் இருக்கின்றன, அந்த மகிழ்ச்சியை வேறு எந்தச் செடியும் எனக்குத் தந்ததில்லை.

வெளிச்சத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. குறைந்த வெளிச்சம் போதும் என்பதை இருட்டு போதும் என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். நண்பகலில் விளக்குப் போடாமல் செய்தித்தாள் படிக்க முடிகிற இடமாக இருக்க வேண்டும்; படிக்க முடியாத மூலையில் செடி சாகாமல் இருக்குமே தவிர வளராது. வெளிச்சம் குறையக் குறையச் செடி குடிக்கும் தண்ணீரும் குறையும், மண் காய்வதற்கு அத்தனை நாள் கூடும். வெளிச்சத்தையும் தண்ணீரையும் இப்படிச் சேர்த்துப் பார்க்காமல் "பத்து நாளைக்கு ஒரு முறை" என்று எழுதித் தருகிற அட்டைகளால் எந்தப் பயனும் இல்லை.

இனி என் குறைக்கு வருகிறேன். இந்தச் செடி தன் நோயைச் சொல்வதில்லை. ஐந்தரை ஆண்டுகளில் என்னை மறுபடி மறுபடி வருத்தியது இது ஒன்றுதான். துளசிக்குத் தண்ணீர் போதாவிட்டால் மாலைக்குள் தலை கவிழும், மல்லிகைக்குச் சத்து குறைந்தால் தளிர் வெளிறும். இசட் இசட் வேர் முழுவதும் அழுகிய பிறகும், கிழங்கிலும் தண்டிலும் உள்ள நீரைக் கொண்டு வாரக்கணக்கில் அதே பச்சையோடு, அதே மினுமினுப்போடு நிற்கும். அடியிலையில் மஞ்சள் படரும்போது நமக்குத் தெரியவருவது நோயின் தொடக்கமன்று, அநேகமாக அதன் முடிவு. நாற்பது நாள் பூட்டிய வீட்டில் அதைக் காப்பாற்றிய அந்தச் சேமிப்பேதான் அழுகலையும் மறைத்து வைக்கிறது என்பது புரிந்தபோது, இத்தனை நாள் நான் பாராட்டிய குணத்தின்மேலேயே எனக்குக் கோபம் வந்தது.

இந்த ஆண்டு ஜூனில் மறுபடியும் மூன்று வாரம் வெளியூர் போக வேண்டியிருந்தது. தென்மேற்குச் சாரல் தொடங்கிவிட்ட நேரம். கணவாய் வழியாக வரும் ஈரக்காற்று எங்கள் ஊரில் துணியைக்கூட இரண்டு நாள் காயவிடாது. பக்கத்து வீட்டு மதினியிடம் சாவியைக் கொடுத்து, முற்றத்துச் செடிகளுக்கு மட்டும் தண்ணீர் ஊற்றச் சொல்லிவிட்டுப் போனேன். திரும்பி வந்தபோது அவர் மனநிறைவோடு சொன்னார்: "உள்ள நிக்கதையும் விட்டுறல மதினி, ஒருநாள் விட்டு ஒருநாள் ஊத்துனேன், ஒரு இலை வாடல பாத்துக்கிடுங்க." வாடவில்லைதான். அவர் அன்பாகச் செய்ததை நான் குறையாகச் சொல்லவில்லை. வாடாத செடியைப் பார்த்து யாராக இருந்தாலும் நன்றாகப் பார்த்துக்கொள்கிறோம் என்றுதான் நினைப்பார்கள். ஆடி பாதியில் ஒரு தண்டு சாய்ந்தது. தொட்டதும் அடி கையோடு வந்துவிட்டது, வெந்த சேம்பு போலக் குழைந்திருந்தது. ஒரு வாரத்துக்குள் நான்கு தண்டுகள் சாய்ந்தன.

தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தபோது தெரிந்த விஷயம் மதினியின் தண்ணீரைவிடப் பழையது. 2023-ல் கிழங்கு பெருத்துப் பிளாஸ்டிக் தொட்டி பிளந்தபோது பெரிய மண் தொட்டிக்கு மாற்றியிருந்தேன். வேரைக் குலைக்கக் கூடாது என்ற எண்ணத்தில், நர்சரியிலிருந்து வந்த தென்னை நார்த்தூள் உருண்டையை அப்படியே நடுவில் இறக்கி, சுற்றிலும் செம்மண்ணும் மணலும் போட்டு மூடியிருந்தேன். இப்போது உடைத்துப் பார்த்தால், ஓரத்து மண் உதிரும் பதத்தில் இருக்கிறது. நடுவில் அந்த உருண்டை மட்டும் பிழிந்தால் சொட்டுகிற ஈரத்தில் கறுத்துக் கிடக்கிறது. நார்த்தூள் தன் எடையைப்போலப் பல மடங்கு நீரைப் பிடித்து வைப்பது. நுண்ணிய துளைகள் கொண்ட அந்த உருண்டை தன் ஈரத்தைச் சுற்றியுள்ள பருமணலுக்கு எளிதில் விடாது. நான் ஈரம் பார்த்ததெல்லாம் தொட்டியின் ஓரத்தில். இரண்டு ஆண்டுகளாக ஓரம் காய்ந்துவிட்டது என்று நினைத்து நான் ஊற்றிய தண்ணீர் எல்லாம் நடுவில் போய்த் தங்கியிருக்கிறது. மதினி ஊற்றியது கடைசிப் பங்கு மட்டுமே, அதை அவரிடம் போய்ச் சொல்லிவிட்டும் வந்தேன்.

நர்சரிக்காரர்கள் ஏன் நார்த்தூளில் வளர்க்கிறார்கள் என்பது எனக்குப் புரிகிறது. எடை குறைவு, வண்டியில் ஏற்றலாம், வேர் விரைவாகப் பிடிக்கும். நிழல்வலைக்குக் கீழே நாலாபுறமும் காற்றோட்டத்தில், தினமும் பார்த்துப் பழகிய கைக்கு அது செடி வளர்க்க நல்ல பொருள்தான். ஆனால் அந்தத் தொட்டி காற்றோட்டமில்லாத ஒரு கூடத்துக்குப் போகிறது என்று தெரிந்தே விற்கும்போது, வீட்டுக்குப் போனதும் நார்த்தூளை உதிர்த்துவிட்டு மண் மாற்றுங்கள் என்று ஒரு வரி சொல்ல வேண்டாமா? கவனிப்பே வேண்டாம் என்ற சொல்லில் விற்பனை எளிதாகிறது. அந்தச் சொல்லை நம்பி வாங்குகிறவர்கள், செடி செத்தால் தங்களுக்குக் கைராசி இல்லை என்று சொல்லிக்கொண்டு அடுத்த செடி வாங்கப் போகிறார்கள். அப்படிச் சொன்னவர்களை என் தெருவிலேயே பார்த்திருக்கிறேன்.

ஆகவே யார் எந்த உள்ளறைச் செடி வாங்கினாலும் நான் வற்புறுத்திச் சொல்வது இதைத்தான்: வாங்கிய ஒரு மாதத்துக்குள், மழை இல்லாத நாளாகப் பார்த்து, வேரைச் சுற்றியுள்ள நார்த்தூளை விரலால் முடிந்தவரை உதிர்த்துவிடுங்கள். நான் இப்போது போட்டிருக்கும் கலவை இரண்டு பங்கு செம்மண், தூசி போகக் கழுவிய எம்-சாண்ட் இரண்டு பங்கு, சுண்டைக்காய் அளவில் உடைத்த செங்கல் ஒரு பங்கு, நன்றாக மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு, இரண்டு கைப்பிடி அடுப்புக்கரி. தொட்டி மண் தொட்டியாக இருக்க வேண்டும், சுவர் வழியாகவும் ஈரம் வெளியேறும். ஈரம் பார்க்க வாரியலிலிருந்து ஒரு ஈர்க்குச்சியை உருவி, தொட்டியின் ஓரத்தில் அல்லாமல் தண்டுகளுக்கு நடுவில், அடிவரை இறக்கிக் கால் மணி நேரம் விட்டு எடுத்துப் பாருங்கள். மண் ஒட்டிக்கொண்டு வந்தால் அன்று தண்ணீர் இல்லை. இந்தக் கணக்கில் எனக்குக் கோடையில் 15 நாளுக்கு ஒரு முறையும், சாரல் காலத்தில் மாதம் ஒரு முறையும் வருகிறது. எங்கள் ஊரில் சாரல் ஓய்ந்து ஈரம் இறங்குவதற்குள் ஐப்பசி மழை தொடங்கிவிடும் என்பதால், சில ஆண்டுகளில் அதுகூட அதிகம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஸ்னேக் பிளாண்ட் என்று விற்கும் மேற்கு ஆப்பிரிக்கச் செடி, நம் காடுகளில் நார் உரிக்கப் பயன்பட்ட மருளுக்கு நெருங்கிய உறவு. உறுதியானது, இதே அழுகல்தான் அதற்கும் எதிரி. அது இரவில் ஆக்சிஜன் தருகிறது என்று சொல்லி விற்கிறார்கள். இரவில் அது செய்வது கரியமில வாயுவை உள்ளே வாங்கி வைப்பது. ஆக்சிஜன் வெளிவருவது பகல் வெளிச்சத்தில்தான். வீட்டுக் காற்றைச் சுத்தமாக்கும் என்பதும் 1989-ல் நாசா மூடிய பெட்டிகளுக்குள் செய்த சோதனையை நீட்டிச் சொல்வதே. சாதாரண வீட்டில் சன்னல் வழியாக மாறும் காற்றுக்கு ஈடாக வேண்டும் என்றால், சதுர மீட்டருக்குப் பத்திலிருந்து ஆயிரம் செடிகள்வரை வேண்டும் என்று 2019-ல் வந்த ஆய்வுத் தொகுப்பு ஒன்று கணக்கிட்டது. அக்லோனிமா என்ற செடி அழகு, ஆனால் இரண்டாவது ஆண்டே இலைக்காம்பு இடுக்குகளில் மாவுப்பூச்சி ஏறி, வாரம் ஒரு முறை வேப்பெண்ணெயும் சோப்புத் தண்ணீரும் கையுமாக நிற்க வைத்தது.

தோழிக்கு நான் சொன்ன முடிவு மணி பிளாண்ட். பசிபிக் கடலின் நடுவிலுள்ள மோரேயா தீவிலிருந்து வந்து நம் ஊர்க் குளியலறைச் சன்னல்வரை ஏறிவிட்ட கொடி அது. இசட் இசட்டின் அழகில் கால்பங்குகூட அதற்கு இல்லை. பெரியவர்கள் வீட்டில் நிற்கிற கம்பீரமும் இல்லை. ஆனால் தண்ணீர் குறைந்தால் இலை தொங்கும், ஊற்றினால் சில மணி நேரத்தில் நிமிரும், தண்ணீர் மிகுந்தால் இலை மஞ்சளாகிச் சொல்லிவிடும். செடி வளர்த்துப் பழகாத இரண்டு பேருக்குத் தேவை, பேசுகிற செடி. பாட்டிலில் வளர்ப்பதானால் வாரம் ஒரு முறை தண்ணீரை மாற்றி, பாட்டிலின் உட்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பெரும்பாலும் நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும், முட்டை சுவரில் ஒட்டிக்கொண்டு காய்ந்தாலும் சாகாது. குழந்தை வந்த பிறகு, மணி பிளாண்டானாலும் இசட் இசட்டானாலும், எட்டாத உயரத்தில் வைக்கச் சொல்லியிருக்கிறேன். சேனையை அரைவேக்காட்டில் தின்றால் தொண்டையை அறுக்கிறதே, அதே ஊசிப் படிகங்கள் இந்த இரண்டின் இலைகளிலும் உண்டு.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள், "அவ்வளவு வருத்தம்னா மிச்சத்தையும் தூரப் போட்டுற வேண்டியதுதானே" என்றாள். அதற்கு எனக்கு மனம் வரவில்லை. தப்பிய ஆறு தண்டுகளின் கிழங்குகளில் குழைந்த பகுதியைச் சுத்தமாகச் சீவி, வெட்டுவாயில் மஞ்சள்தூள் தடவி, மூன்று நாள் நிழலில் உலர்த்திப் புதுக் கலவையில் நட்டிருக்கிறேன். பத்து நாளாகத் தண்ணீர் காட்டவில்லை. பழைய பச்சையோடுதான் கண்ணாடி ஓட்டுக்குக் கீழே நிற்கிறது, பிழைக்கிறதா இல்லையா என்பது புரட்டாசிக்கு முன்பு தெரியாது. அலமாரிமேல் பாட்டிலில் தோழி மகனுக்காக வெட்டி வைத்த மணி பிளாண்ட் கொடியில் ஒரு கணுவில் வெள்ளை வேர்முனை தெரிகிறது. ஞாயிற்றுக்கிழமை தென்காசிக்குப் போகும்போது கொண்டு போய்க் கொடுக்க வேண்டும்.