கொப்பரைக் களத்துக்கு எட்டு கேமரா: வயரை மாற்றியதும்தான் விடிந்தது

காங்கேயம் பக்கம் எங்களுக்குக் கொப்பரைக் களம். களம், குடோன், எடை மேடை, கேட் எல்லாம் சேர்த்து எட்டு கேமரா. இரண்டு வருடம் முன்பு ஒருவர் போட்டுக் கொடுத்தார். பகலில் படம் பளிச்சென்று வரும். இருட்டினால் களத்தின் கடைக்கோடியில் இருக்கும் இரண்டும் அணைந்து அணைந்து எரியும். ராத்திரிக் காவலுக்குத்தானே கேமராவே வைத்தோம்! நான்கு மூட்டை குறைந்த அன்று பதிவைப் போட்டுப் பார்த்தால் திரை முழுக்கக் கறுப்பு. மனசு விட்டுப்போனது. போட்டவரைக் கேட்டால் கேமரா போய்விட்டது என்றார். ஒன்றைப் புதிதாக மாற்றினோம். அதுவும் அப்படியே.

போன மாதம் வேறொரு தம்பியிடம் வேலையைக் கொடுத்தேன். அவர் பகலில் பார்க்கவே மறுத்துவிட்டு, ராத்திரி ஏழரைக்கு வந்து ஏணியில் ஏறி, கேமரா முனையில் மல்டிமீட்டர் வைத்தார். ஆபீசில் பவர் சப்ளை 12.1 வோல்ட் காட்டியது. எழுபது மீட்டர் தள்ளி அங்கே 8.7. "கேமரா நல்லாத்தான் இருக்குதுங்கண்ணா, கரண்டுதான் போய்ச் சேரலைங்க" என்றார். இருட்டினதும் கேமராவில் இருக்கும் ஐஆர் லைட் (இருட்டில் படம் பிடிக்க உதவும் அகச்சிவப்பு விளக்கு) எரியும், கூடுதல் கரண்ட் இழுக்கும். மெல்லிய வயர் நீளமாகப் போனால் வோல்டேஜ் விழுந்து கேமரா அணைந்துவிடும். வயரைப் பிளேடால் சுரண்டிக் காட்டினார். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளையாக அலுமினியம். நான் காசு கொடுத்தது சுத்தச் செம்புக்கு.

இப்போது எல்லாமே ஐபி கேமரா, அதாவது கம்ப்யூட்டர் நெட்வொர்க் வயரில் படம் அனுப்பும் வகை. கேமராவுக்கு ஒரு கேட்-6 (Cat-6) செம்பு நெட்வொர்க் வயர்தான். படமும் கரண்டும் அதிலேயே போகிறது. நெட்வொர்க் வயரிலேயே கரண்டும் கொடுக்கும் பிஓஇ (PoE) ஸ்விட்ச் என்ற பெட்டி 48 வோல்ட் அளவில் அனுப்புவதால் கரண்ட் குறைவாகவே ஓடுகிறது, வழியில் இழப்பும் சொற்பம். ஒரு வயர் 100 மீட்டரைத் தாண்டக்கூடாதாம். எங்கள் கடைசிக் கேமராவுக்கு 82 மீட்டர் ஆனது. பதிவு சேரும் ஹார்டு டிஸ்க் 4 டிபி (டெராபைட்), மூன்று வாரப் பதிவு நிற்கிறது. மொத்தம் 61,000 ரூபாய்.

எனக்கு ரொம்பப் பிடித்தது அவர் கைவேலை. மோட்டார் லைன் போகிற பைப்பில் இதை நுழைக்காமல் தனி பைப் போட்டார். குடோனில் எலி கடிக்கும் என்று ஓரிடத்தில்கூட வயரை வெளியே விடவில்லை. பெட்டிக்குள் நுழையும் முன் ஒவ்வொரு வயரையும் சற்றுக் கீழே தொங்கவிட்டு வளைத்து ஏற்றியிருக்கிறார்; மழைத்தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். பழைய ஜாயின்ட்டில் சுற்றியிருந்த டேப்பைப் பிரித்தபோது உள்ளே பச்சைப் பூத்துக் கிடந்தது, அதனால் இதன் அருமை தெரிகிறது. இரண்டு முனையிலும் நம்பர் ஒட்டியிருக்கிறார். ஏழாம் நம்பர் வரவில்லை என்றால் எந்த வயர் என்று நானே பார்த்துக்கொள்வேன்.

குறை இல்லாமல் இல்லை. சொன்ன நாளுக்கு இரண்டு நாள் கழித்துத்தான் வந்தார். பாஸ்வேர்டை நான் கேட்ட பிறகுதான் எழுதிக் கொடுத்தார். கேமரா போடுகிறவர்கள் யாராக இருந்தாலும் அதை முதல் நாளே வாங்கி, நீங்களே மாற்றிவிடுங்கள். அப்புறம், திறந்த களத்தில் இவ்வளவு வயர் ஓடுகிறது, இடிக்குப் பாதுகாப்பாக சர்ஜ் ப்ரொடெக்டர் இன்னும் போடவில்லை. கேட் கேமராவில் லாரி நம்பரும் சரியாகத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்து இரண்டையும் முடித்துத் தருகிறேன் என்றிருக்கிறார்.