துளையிட்ட டிஸ்க், செராமிக் பேட் கிட்: பிடிப்பு நன்று, சத்தம் எங்கிருந்து?

காரின் முன்சக்கரங்களுக்கான வெளிச்சந்தை (வண்டி நிறுவனமல்லாத பிறர் தயாரித்த) பிரேக் கிட் இது. துளையும் பள்ளமும் உள்ள டிஸ்க் இரண்டு, அவற்றைக் கவ்விப் பிடிக்கும் செராமிக் பேட் நான்கு. பல பெயர்களில் கிடைத்தாலும் அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். பிடிப்பில் குறை சொல்ல இடமில்லை, சக்கரத்தில் படியும் கருந்தூளும் குறைவு. மாட்டிய முதல் வாரத்தில் எழும் புகார்களெல்லாம் சத்தத்தைப் பற்றித்தான். டிஸ்க்கையும் பேடையும் திட்டுவதற்கு முன் பெட்டியில் வராமல்போன சில்லறைச் சாமான்களைத் தேடுங்கள். வில்லங்கம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

முதலில் சத்தம் எப்போது வருகிறது என்று பாருங்கள். பிரேக் பிடிக்கும்போது மட்டும் ‘உர்ர்’ என்று கிளம்பி, வேகம் குறையக் குறைய அடங்கினால் அது பள்ளத்தின் விளிம்புகள் பேடை உரசிக் கடக்கும் ஒலி. பழுது இல்லை, போகவும் போகாது. பெடலைத் தொடாமலே ‘சர்ர் சர்ர்’ என்று உரசினால், பழைய டிஸ்க்கைத் தட்டிக் கழற்றியபோது பின்னால் இருக்கும் மெல்லிய தூசித் தகடு வளைந்திருக்கும். அதை விரலால் 2–3 மி.மீ. விலக்கிவிட்டால் போதும். வளைவில் திரும்பும்போது மட்டும் உரசல் கூடினால் வீல் பேரிங்கையும் ஆட்டிப் பாருங்கள்.

காதைக் கிழிக்கும் ‘கிறீச்’ வேறு வகை. பேட் டிஸ்க்கைப் பிடித்தும் வழுக்கியும் நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை அதிர்வதால் வருவது. அந்த அதிர்வை விழுங்கத்தான் பேடின் முதுகில் ஷிம் என்ற மெல்லிய தகடு இருக்கிறது. மலிவான கிட்டில் ஷிம் இல்லை, அல்லது மெல்லிய பெயின்ட் பூச்சை ஷிம் என்று சொல்லி விற்கிறார்கள். பேட் காதுகள் உட்காரும் ஸ்டீல் கிளிப்பும் சேர்ந்து வரவேண்டும். பழைய கிளிப்பை மறுபடி மாட்டினால் அதன் வில்விசை தளர்ந்திருக்கும், அடியில் துருவும் பொருமியிருக்கும். துரு பொருமினால் பேட் இறுகி, பெடலை விட்ட பிறகும் டிஸ்க்கை விட்டு விலகாது. அந்தப் பக்கச் சக்கரம் கொதிக்கும், பேட் ஒருபக்கம் தேயும், கூடவே கிறீச்சிடும். கிளிப்பைக் கழற்றி, அடியிலுள்ள இரும்பை வயர் பிரஷ்ஷால் பளபளவென்று தேய்த்துவிட்டுப் புதுக் கிளிப் மாட்டுங்கள். கையால் தள்ளினால் பேட் வழுக்கிப்போக வேண்டும். சுத்தியல் தேவைப்பட்டால் எங்கோ தவறு.

பேடின் முன்விளிம்பு கூராக இருந்தாலும் கத்தும். அரத்தால் 45 டிகிரி சாய்வில் 2–3 மி.மீ. தேய்த்துவிடலாம். கிரீஸ் பேடின் காதுகளிலும், காலிப்பரின் (பேடுகளை டிஸ்க்கில் அழுத்தும் கவ்வி) பிஸ்டன் தொடும் முதுகுப் பகுதியிலும் மட்டும், அதுவும் மெல்லிய பூச்சாக. உராயும் முகத்தில் ஒரு துளி பட்டாலும் அந்த பேட் வீண்.

கிரீஸ் வாங்குவதில் கஞ்சத்தனம் கூடாது. கையிலிருக்கும் சாதாரண பேரிங் கிரீஸை, காலிப்பர் நகர உதவும் ஸ்லைடு பின்னில் தடவினால் ரப்பர் பூட் ஊதி, பின் இறுகிவிடும். பிரேக்குக்கென்றே வரும் சிலிகான் கிரீஸ்தான் வேண்டும். ஒரு காலிப்பரில் இரண்டு பின்கள். பல வண்டிகளில் ஒன்றின் நுனியில் ரப்பர் உறை இருக்கும், மற்றது வெறும் இரும்பு. மேலது எது, கீழது எது என்று கழற்றும் முன்பே குறித்து வையுங்கள். மாற்றி மாட்டினால் காலிப்பர் சிக்கும்.

மேடு பள்ளத்தில் ‘டொக் டொக்’ என்றால் பேட் தளர்ந்திருக்கிறது. கிளிப்போ, பேடை அழுத்திப் பிடிக்கும் ஸ்பிரிங்கோ விடுபட்டிருக்கும். காலிப்பரைத் தாங்கும் பிராக்கெட்டின் போல்ட்டையும் டார்க் ரெஞ்சால் (முறுக்கும் விசையை அளக்கும் ஸ்பானர்) உடனே சரிபாருங்கள். அளவு வண்டியின் கையேட்டில் இருக்கும், ஊகித்து முறுக்காதீர்கள்.

அதிகம் பேர் கவனிக்காத இடம், டிஸ்க் உட்காரும் ஹப்பின் முகம். டிஸ்க்குக்கும் ஹப்புக்கும் நடுவே நகக்கண் அளவு துருச் செதில் ஒன்று மாட்டிக்கொண்டால் புது டிஸ்க் சாய்ந்துதான் சுழலும். ஆரம்பத்தில் ஒன்றும் தெரியாது. சாய்ந்த பகுதி ஒவ்வொரு சுற்றிலும் பேடைத் தொட்டுத் தொட்டு அங்கே மட்டும் தேயும். சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடியபின் பெடல் துடிக்க ஆரம்பிக்கும். உடனே “டிஸ்க் வளைந்துவிட்டது” என்று கடைக்குத் திருப்பிக் கொண்டுபோகிறார்கள். டிஸ்க்கை எல்லா நட்டுகளாலும் இறுக்கி, வெளிவிளிம்பிலிருந்து 10 மி.மீ. உள்ளே டயல் கேஜ் (நுண்ணிய ஆட்டத்தை முள்ளால் காட்டும் கருவி) வைத்து ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். பல வண்டிகளுக்கு ஆட்டம் 0.05 மி.மீ.க்குள் இருப்பது நல்லது. கூடினால் ஹப்பை மறுபடி துருநீக்கி, டிஸ்க்கை ஒரு போல்ட் துளை தள்ளி மாட்டி அளக்க வேண்டும். மாட்டும் முன்னே ஐந்து நிமிடம் உப்புத்தாள் பிடித்திருந்தால் இந்தப் பாடு இல்லை.

டிஸ்க்கின் எண்ணெய்ப் பூச்சை பிரேக் கிளீனரால் துடைத்தபின் பதப்படுத்த வேண்டும். கிட்டோடு வரும் தாளில் முறை இருந்தால் அதன்படி செய்யுங்கள். இல்லையென்றால், காலிச் சாலையில் 60 கி.மீ. வேகத்திலிருந்து 10 வரை மிதமாகப் பிடித்துப் பிடித்து, பத்து முறை. நடுவே அரை நிமிடம் ஓடவிடுங்கள். முழுதாக நிறுத்தி, பெடலை அழுத்தியபடி நிற்காதீர்கள், சூட்டில் பேடின் அச்சு டிஸ்க்கில் பதிந்துவிடும். பிறகு பத்து நிமிடம் பிரேக்கைக் கூடியவரை தொடாமல் ஓட்டி ஆறவிடுங்கள். இதைச் செய்யாமல் ‘செராமிக் கத்துகிறது’ என்று சொல்வது பேடுக்கு அநியாயம்.

வாங்கலாமா? அன்றாட ஓட்டத்துக்குத் துளையிட்ட டிஸ்க் தேவையில்லை. கடும் சூட்டில் துளையைச் சுற்றி மயிரிழை விரிசல் விழும் வாய்ப்பு வேறு இருக்கிறது. அதே பேடை வழவழப்பான டிஸ்க்கோடு வாங்கினால் பிடிப்பு குறையாது, ‘உர்ர்’ ஒலியும் இல்லை. எதை வாங்கினாலும் பேட்களில் ஈ.சி.இ. ஆர்90 (மாற்று பிரேக் பாகங்களுக்கான ஐ.நா. விதி) முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். பிடிப்பு அசல் பேடிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் விலகக்கூடாது என்பது அந்த விதி. கடைக்காரர் முன்பே பெட்டியைப் பிரித்து, கிளிப்புகளையும் ஷிம்களையும் எண்ணிப் பார்த்து வாங்குங்கள்.