தக்கலை பக்கம் வீட்டுக்கே வந்து ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகுதுன்னு பாக்குற டெஸ்ட்) எடுக்குற லேப், ஒன்றரை வருஷமா பாக்குறோம்

அப்பாவுக்கு இதயத்துல அயோர்டிக் வால்வு சுருங்கிப் போச்சு, ஆபரேஷனுக்கு முன்னாடி ஆஞ்சியோ பண்ணினப்போ ரெண்டு குழாய்ல அடைப்பும் இருந்துச்சு, அதனால திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா ஆஸ்பத்திரில வால்வு மாத்துனதும் பைபாஸும் ஒரே ஆபரேஷன்ல முடிச்சாங்க. வச்சது சித்ரா வால்வு, அவங்களே உருவாக்கி 1990-ல முதல்ல ஒருத்தருக்கு வச்சது. இது மெக்கானிக்கல் (செயற்கை) வால்வு, அதனால ரத்தம் கட்டாம இருக்க ஆயுசு பூரா அசிட்ரோம் மாத்திரை, பைபாஸுக்கு ஆஸ்பிரின் 75 வேற. ரெண்டும் சேந்தா ரத்தக்கசிவு பயம், அசிட்ரோம குறைச்சா வால்வுல ரத்தம் கட்டிரும். அப்பாவுக்கு ஐஎன்ஆர் 2-க்கும் 3-க்கும் நடுவுல நிக்கணும்.

முந்தி போன ஒரு லேப்ல ரத்தம் உறைய எத்தன செகண்ட் ஆச்சுங்குற கணக்கு மட்டும் எழுதிக் குடுத்தாங்க, ஐஎன்ஆர் எங்கன்னு கேட்டா டாக்டருக்கு தெரியும்னாங்க. லேப்புக்கு லேப் கெமிக்கல் மாறும், அதோட செகண்டும் மாறும், அந்த வித்தியாசம் வராம இருக்கத்தான ஐஎன்ஆரே.

இங்க காலைல 7 மணிக்குள்ள ஒரு பிள்ளை வந்து ரத்தம் எடுத்துட்டு போவா, மதியம் வாட்ஸ்அப்ல நம்பர் வந்துரும், ராத்திரி மாத்திரை போடுறதுக்கு முன்னாடி தெரிஞ்சாத்தான டாக்டர்கிட்ட கேட்டு அளவ மாத்த முடியும். எங்க நோட்ட வாங்கி போன தடவ நம்பர பாத்துட்டு "புதுசா ஏதாச்சும் மாத்திரை சாப்பிட்டியளா மாமா"ன்னு கேக்காம ஊசிய எடுக்க மாட்டா. அந்த கேள்விதான் ஒருநாள் எங்கள காப்பாத்துச்சு. பல்வலின்னு அப்பா மெடிக்கல்ல அவரா மெட்ரோனிடசோல்ங்குற ஆன்டிபயாட்டிக் மாத்திரை வாங்கி அஞ்சு நாள் போட்டிருக்காரு, எங்க யாருக்கும் தெரியாது, அவ கேட்டப்பதான் சொன்னாரு. அந்த மாத்திரை அசிட்ரோமோட வேகத்த கூட்டிரும். அன்னைக்கு ஐஎன்ஆர் 5.1, பதினோரு மணிக்கே போன் பண்ணி உடனே டாக்டர்கிட்ட பேசுங்கன்னு சொல்லிட்டா. டாக்டர் டோஸ நிறுத்தி வைக்க சொன்னாரு, ரெண்டு நாள் கழிச்சு திரும்ப எடுத்தோம், இறங்கிடுச்சு. வால்வு வச்சவங்க பல்லு பிடுங்குறதுக்கு முன்னாடியும் ஹார்ட் டாக்டர்கிட்ட கேக்கணும், பல்லுலேருந்து கிருமி வால்வுக்கு போகும்.

கீரைல இருக்குற வைட்டமின் கே அசிட்ரோமோட வேகத்த குறைக்கும்னு முருங்கைக்கீரைய அம்மா அடியோட நிறுத்தி வச்சிருந்தாங்க, நிறுத்த வேண்டாம் வாரா வாரம் ஒரே அளவா சாப்பிட்டா போதும்னு டாக்டர் சொன்ன பிறகு இப்போ அப்பா முகத்துல சிரிப்பு.

குறைன்னா வீட்டுக்கு வர தனியா 100 ரூபா, பரவால்ல. ஆனா டிசம்பர்ல கோட்டாறு சவேரியார் திருவிழா லீவுக்கு அடச்சிட்டு முன்கூட்டி சொல்லல, ரெண்டு நாள் தவிச்சிட்டோம், அத மாத்திக்கணும். வீட்டுல வால்வும் பைபாஸும் சேந்த ஆள் இருந்தா முதல் தடவையே டிஸ்சார்ஜ் சம்மரி காப்பியும் மாத்திரை லிஸ்டும் குடுத்துருங்க, அவங்க ஃபைல் போட்டு வச்சிருவாங்க.