புள்ளியைத் தின்னும் ஸ்கேன் ஆப்: பழைய விவாகப் பதிவுகளில் இரண்டு வருடப் பாவனை

கட்டணம் குறைந்திருக்கிறது, வாங்கலாமா என்று கேட்ட நண்பருக்காக எழுதுகிறேன். கேட்டது தாள்களை ஸ்கேன் பண்ணும் போன் ஆப்பைப் பற்றி. நான் அதை வைத்துச் செய்யும் வேலை மட்டக்களப்பு, கல்முனைப் பக்கத்துப் பழைய விவாகப் பதிவுகளில் கையால் எழுதிய பெயர்களை வாசிப்பது.

நியாயத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். சுருண்ட தாளை நிமிர்த்துவதிலும், விளிம்பு பார்த்து வெட்டுவதிலும், நாற்பது பக்கத்தை வரிசை மாறாமல் ஒரே கோப்பாகக் கட்டுவதிலும் அதற்குக் குறை சொல்ல முடியாது. அச்சடித்த பத்தித் தலைப்புகள் பளிச்சென்று தெரியும்.

ஆனால் பேனைக் கோட்டை அது அழுக்கென்று நினைக்கிறது. தானாகவே வெளுக்க வைக்கும் ஃபில்டர் ஒவ்வொரு இடத்தையும் கறுப்பா வெள்ளையா என்று தீர்க்கும். பழைய இரும்பு மை பழுப்பாகிப் போயிருக்கும். கட்டைப் பேனையின் அழுத்தமான கோடு தப்பிவிடும். மேலே இழுத்த மயிரிழைக் கோடு வெள்ளையோடு போய்விடும். தமிழில் அந்த மயிரிழையில்தானே சுழியும் புள்ளியும் இருக்கின்றன!

நம்மூரில் சின்னத்தம்பியும் உண்டு, சீனித்தம்பியும் உண்டு. புள்ளி வைக்காத பழைய கையெழுத்தில் ஒருவர் 'சினனததமபி', மற்றவர் 'சீனிததமபி'. ஃபில்டர் மேல் சுழிகளைத் தின்றால் 'சனனததமப', 'சனததமப'. ன இரண்டா ஒன்றா என்று எண்ணித்தான் ஆளைப் பிரிக்க வேண்டும். துதிக்கை மாதிரி மேலே வளைந்த பழைய 'ளை'யின் வளைவு போனால் பிள்ளையெல்லாம் 'பிள்ள' ஆகிவிடும்.

'அசல் நிறம்' என்ற தெரிவைப் போட்டால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் புதுக் கோப்பு திறக்கிற ஒவ்வொரு தடவையும் ஆப் பழையபடி வெளுப்புக்கே திரும்பிக்கொள்கிறது. சேமித்த பிறகு பின்னால் போகவும் வழியில்லை. ஒரு தடவை மறந்தால் அந்தக் கோப்பு முழுக்கப் போச்சு. இரண்டு வருடத்தில் எத்தனை புதுப்பதிப்பு வந்தது, இதை மட்டும் திருத்தவில்லை.

ஆப் செய்யாததை ஒரு சின்ன டோர்ச் லைட் செய்கிறது. தாளுக்கு இடது பக்கம், கிட்டத்தட்ட மேசையோடு படுக்க வைத்து ஒளியைச் சரித்து அடியுங்கள். மை மங்கிய இடத்திலும் பேனை அழுத்திய பள்ளம் நிழலாக எழும்பும். போனை ஒரு முழ உயரத்தில் பிடித்து இரண்டு மடங்கு ஸூமில், ஒரு வரிக்கு ஒரு படம். சாதாரண கமராவே போதும். படமெடுக்க முதல் பொறுப்பாளரிடம் அனுமதி கேளுங்கள். பிறகு படத்தின் நீல அலைவரிசையை மட்டும் தனியாகப் பிரித்துப் பார்த்தால் பழுப்பு மை கறுத்து வரும். ஈரக்கறை இருந்தால் அதுவும் சேர்ந்து கறுக்கும்.

பெயரைத் தொட முதல் ஊர்ப் பத்திக்குப் போங்கள், ஊரின் பெயர் நமக்குத் தெரிந்ததுதானே. கொக்கட்டிச்சோலை கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. அதில் கொவும் உண்டு, சோவும் உண்டு. இரண்டுக்கும் ஒரே ஒற்றைக் கொம்பு போட்டிருந்தால், அந்தப் பதிவாளர் குறில் நெடில் பிரிக்காதவர் என்று வைத்துக்கொள்ளலாம். அவர் எழுதிய 'பொடி' நம்மூர் நிலக்காரர் பெயரோடு வரும் போடிதான். காரைதீவில் துணைக்காலும் ரவும் ஒரே சொல்லில் நிற்கும். இரண்டும் ஒரே வடிவமா என்று பாருங்கள். இப்படி அந்தக் கையின் எழுத்துகளை ஒரு கொப்பியில் வரிசையாகப் பார்த்து எழுதி வைத்துக்கொண்டால் பெயர் தானாக அவிழும். அம்பாறை தனி மாவட்டமானது 1961இல். அதற்கு முந்தியதில் திருக்கோவிலும் அக்கரைப்பற்றும் மட்டக்களப்பு என்றுதான் இருக்கும், தேடும்போது தடுமாற வேண்டாம். மாப்பிள்ளையின் கையெழுத்தையும் விட்டுவிடாதீர்கள். பதிவாளர் கிறுக்கிய பெயரைச் சில வேளை மாப்பிள்ளையே கீழே தெளிவாக எழுதியிருப்பார்.

சரி, வாங்கலாமா? பக்கம் கட்டுவதில் அதற்கு இணை நான் பார்க்கவில்லை. இருந்தாலும் ஒரு சதமும் கொடுக்காதீர்கள். சீனித்தம்பியைச் சின்னத்தம்பி ஆக்கினால் ஒரு பரம்பரையே வேறு வீட்டுக்குப் போய்விடும். அந்தக் காசுக்குப் பத்து மடங்கு பெருப்பிக்கும் லென்ஸ் ஒன்றும் ஒரு டோர்ச்சும் வாங்குங்கள்.