கீரைக்கு யூரியாவா, ஆட்டுக்கிடையா?

தாமிரபரணிப் பாசனத்தில் தண்டங்கீரையும் சிறுகீரையும் பயிரிடுவோர் முன்னே இரண்டு வழிகள் உள்ளன: முளைத்த பாத்தியில் யூரியா தூவுவது, அல்லது விதைப்புக்கு முன்பே வயலில் கிடை போட்டு, அதாவது ஆடுகளை இரவில் அங்கே அடைத்து, ஆட்டு எருவைச் சேர்ப்பது. இவற்றில் எது அதிகக் கட்டு தரும் என்பதை விட்டுவிட்டு, உண்பவருக்கு எது நல்லது என்று மட்டும் பார்ப்போம்.

யூரியாவில் தழைச்சத்து (நைட்ரஜன்) 46 சதவீதம். காய்ந்த ஆட்டு எருவில் சுமார் 3 சதவீதம். ஆகவே 45 கிலோ யூரியா மூட்டைக்கு ஈடாக ஏறத்தாழ 700 கிலோ எரு வேண்டும். மானிய விலையில் மூட்டை 300 ரூபாய்க்குள் கிடைக்கும்போது யூரியாவை நாடுவோரைக் குறை சொல்வதற்கில்லை.

ஆனால் மண்ணில் விழுந்த யூரியா சில நாட்களிலேயே அம்மோனியமாகி, பிறகு நைட்ரேட்டாக மாறுகிறது. வேர் உறிஞ்சிய நைட்ரேட்டைப் புரதமாக்குவதற்கு இலைக்கு வெயிலும் அவகாசமும் தேவை. வரத்து அதை மிஞ்சினால், மிச்சம் இலையிலும், அதைவிடக் கூடுதலாகக் காம்பிலும் தண்டிலும் தேங்கிவிடுகிறது. இருபத்தைந்து நாளில் பறித்துவிடும் கீரைக்குப் பறிப்பை ஒட்டி யூரியா இடுவதுதான், என் பார்வையில், உண்மையான கேடு. உடல் எடையில் கிலோவுக்கு 3.7 மில்லிகிராம் என்பது உலக அளவில் வகுக்கப்பட்ட அன்றாட நைட்ரேட் வரம்பு. 60 கிலோ எடையுள்ளவருக்கு இது 222 மில்லிகிராம். கிலோவுக்கு 2,500 மில்லிகிராம் நைட்ரேட் ஏறிய கீரையில் 100 கிராமே இந்த அளவைத் தாண்டிவிடும். மிகை தழைச்சத்தால் இலையில் வைட்டமின் சி குறைவதும் உண்டு.

அதே சமயம் தழைச்சத்து புரதத்தையும் கரோட்டினையும் உயர்த்துகிறது என்பதால், கரும்பச்சைக் கட்டைக் கண்டதும் நஞ்சு என்று ஒதுக்குவது நியாயமன்று. கிடை எருவும் அளவு மீறினால் நைட்ரேட்டைத் தேக்கவே செய்யும்; அது மெல்ல மட்கிச் சத்தை விடுவதால் அந்த ஆபத்து குறைவு, அவ்வளவே.

இரும்பு, துத்தநாக விஷயத்தில் கிடைக்கே என் வாக்கு. சுண்ணாம்பு மிகுந்த கரிசலில் இவை மண்ணில் இருந்தும் வேருக்கு எட்டாமல் போவதால், இளந்தளிர் நரம்பு மட்டும் பச்சையாக நின்று இடைப்பகுதி வெளுத்துவிடும். எரு மட்கும்போது உண்டாகும் அங்ககப் பொருள்கள் இவற்றைப் பற்றிக் கரையும் நிலையில் வைக்கின்றன. யூரியாவால் அது ஆகாது.

எனவே அடியுரமாகக் கிடை, முளைத்தபின் சிறிதளவு யூரியா, பறிப்புக்கு முந்தைய பத்து நாட்களில் எதுவும் வேண்டாம் என்பதே நான் பரிந்துரைக்கும் முறை. வெயில் வாங்கிய இலையில் நைட்ரேட் குறையும் என்பதால், விடியலில் பறிப்பதைவிட மாலையில் பறிப்பது மேல். காலைச் சந்தைக்குக் கட்டுப்போடுவோருக்கு இது சிரமம்தான். வாங்குவோர் இயற்கைக் கீரையா என்று கேட்பதைவிட, கடைசியாக உரம் வைத்து எத்தனை நாளாயிற்று என்று கேட்கலாம். கைக்குழந்தைக்குக் கடைந்து ஊட்டும் வீட்டில் தடித்த தண்டையும் காம்பையும் நீக்கிவிட்டு, இலையை மட்டும் ஆய்ந்தெடுப்பது நல்லது.