கை சிகிச்சை, பதினான்கு மாதம் கழித்து

ஷட்டில் ஆட வரும் தம்பி ஒருவன் நேற்று கேட்டான்: "அண்ணே, நீங்க பனச்சமூடு தாண்டிப் போய் கையைப் பிடிச்சு விட்டுட்டு வாறீங்களே, அதுல ரியாக்‌ஷன் ஸ்பீடு கூடுமா? நானும் வரட்டா?" அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

நான் அருமனைப் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறவன். விடியுமுன் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு இறங்கினால் முந்நூறு மரம். ஒவ்வொரு மரத்துக்கும் மணிக்கட்டை வளைத்துக் கத்தியை இழுக்க வேண்டும். இருபது வருடம் இழுத்ததில் வலது கையின் பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மூன்றும் ராத்திரியில் மரத்துப்போக ஆரம்பித்தன. எழுந்து கையை உதறிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருப்பேன். மணிக்கட்டில் ஒன்பது தசைநாண்களோடு ஒரு நரம்பும் நெருக்கிக்கொண்டு போகிற குகை மாதிரியான இடம் இருக்கிறது, நரம்பு அங்கே நசுங்குகிறது என்றார் டாக்டர். ராத்திரி மணிக்கட்டில் போட ஒரு பட்டையும் கொடுத்து, பனச்சமூடு தாண்டி கேரளப் பக்கம் பிசியோதெரபிக்கு அனுப்பினார்.

அங்கே பிசியோதெரபி செய்கிற பையன் கை வைத்தால் வைத்தபடி இருக்கும். இரண்டு பெருவிரலையும் உள்ளங்கையின் அடியில் ஊன்றி, பலாச்சுளையைப் பிளப்பதுபோல் மெதுவாக வெளிப்பக்கம் விரிப்பான். மணிக்கட்டின் சின்ன எலும்புகளை ஒவ்வொன்றாகப் பிடித்து அசைப்பான். அப்புறம் கையைப் பக்கவாட்டில் நீட்டி, விரல்களைப் பின்னால் மடக்கி விட்டு விட்டு இழுப்பான். முழங்கை வரை சுரீரென்று ஓடும். மூன்றாவது வாரம் விடியும்வரை தூங்கினேன். சட்டைப்பையில் கிடப்பது ஒரு ரூபாயா இரண்டு ரூபாயா என்று தடவியே சொல்ல முடிந்தது. பால் வெட்டுகிறவனுக்கு அது பெரிய விஷயம். விரலுக்கு உணர்வு இல்லாமல் கத்தி ஆழமாகப் போய்விட்டால் மரப்பட்டை காயப்பட்டு அந்த இடத்தில் முண்டு கட்டும்.

இவ்வளவு நல்லது செய்த இடத்தின்மேல் எனக்குக் கோபம் வரக் காரணம் ஒரு போன் விளையாட்டு. ஒவ்வொரு தடவையும் சிகிச்சை முடிந்ததும் திரையை நீட்டுவான், நிறம் மாறியதும் தட்ட வேண்டும். "சேட்டா, ஸ்பீடு கூடியில்லே?" என்பான். நாலாவது மாதத்திலிருந்து அதற்கு 'வேகப் பயிற்சி' என்று பெயர் வைத்து, 350 ரூபாயை 500 ஆக்கிவிட்டார்கள்.

எனக்கு மனசு கேட்கவில்லை. மகளின் முப்பது சென்டிமீட்டர் ஸ்கேலை எடுத்துக்கொண்டு, தினமும் ராத்திரி அதை என் விரல்களுக்கு நடுவே நேராகத் தொங்கவிட்டு, அவளைச் சட்டென்று விடச் சொல்லிப் பிடித்தேன்; எத்தனை சென்டிமீட்டர் விழுந்தபின் பிடிக்கிறேன் என்பதுதான் கணக்கு, அது குறைந்தால் வேகம் கூடியிருக்கிறது. வலது கைக்கு இருபது தடவை, இடது கைக்கு இருபது தடவை. முதல் வாரம் வலது கை சராசரியாக 19 சென்டிமீட்டரில் பிடித்தது, கணக்குப் போட்டால் 0.197 விநாடி. ஒரு மாதத்தில் அது 16 ஆனது, 0.181 விநாடி. சந்தோஷப்பட்டேன். அப்புறம் இடது கையின் பக்கத்தைப் பார்த்தேன்: 20 இருந்தது 17 ஆகியிருந்தது. யாரும் தொடாத கை அது! இரண்டு கையும் ஒரே அளவுதான் தேறியிருக்கின்றன. அது தினமும் பிடித்துப் பழகியதால் வந்தது.

யோசித்தால் இது நியாயமாகவே படுகிறது. நரம்பில் செய்தி விநாடிக்கு சுமார் 50 மீட்டர் போகும். மூளையிலிருந்து விரலுக்கு ஒரு மீட்டர் என்றால் 0.02 விநாடிதான். நசுங்கிய இடமோ சில சென்டிமீட்டர். அதைச் சரிசெய்தால் ஆயிரத்தில் சில பங்கு விநாடி மிச்சமாகும். மீதி நேரமெல்லாம் பெரும்பாலும் கண் பார்த்து மூளை முடிவெடுப்பதிலும் தசை இழுப்பதிலும் போகிறது. உள்ளங்கையை அமுக்கி அதை எப்படிக் குறைப்பது? நெட் பக்கத்தில் முன்பைவிட நன்றாக ஆடுகிறேன், உண்மைதான். ராக்கெட்டை இப்போது பயமில்லாமல் இறுக்கிப் பிடிக்கிறேன்.

தூக்கம் வந்ததுகூட முழுக்க அவன் கையால்தானா என்று அடித்துச் சொல்ல மாட்டேன். டாக்டர் கொடுத்த பட்டையும் போட்டேன், கத்திப்பிடியில் சைக்கிள் டியூப் சுற்றித் தடிமனாக்கினேன்.

ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம் தருகிறேன். அந்த 150 ரூபாய்க்காகத்தான் மூன்றைக் குறைத்தேன். தம்பி, உன் கை மரத்துப்போகவில்லை, உனக்கு அது வேண்டாம். ஒரு ஸ்கேல் வாங்கிக்கொள். எனக்கு சனிக்கிழமை நாலு மணிக்கு முறை இருக்கிறது, போவேன். போனை நீட்டினால் இந்தத் தடவை தட்ட மாட்டேன் என்று சொல்லிவிடப் போகிறேன்.