ரெட் சேனலா, சட்டைக்குள்ளா, குருவியா? நூறு கிராம் தங்கத்துக்கு ஒரு கணக்கு

சிங்கப்பூரில் இரண்டு வருடமாக வேலை பார்க்கும் என் மச்சினன் போன வாரம் போன் செய்தான். "மச்சான், தங்கச்சி கல்யாணத்துக்குப் பன்னிரண்டரை பவுன் எடுத்துட்டு வரேன். ரூம்ல எல்லாரும் கழுத்துல போட்டு சட்டை பட்டனைப் போட்டுட்டா யாரும் கேக்க மாட்டாங்கங்கறாங்க. இன்னொருத்தர் ஆள் வெச்சு அனுப்பிடலாம்ங்கறாரு. என்ன பண்றது?"

பன்னிரண்டரை பவுன் என்றால் சரியாக நூறு கிராம். பேச வசதியாக அதன் மதிப்பைப் பத்து லட்சம் என்று வைத்துக்கொள்வோம். இன்றைய விலை கூடக்குறைய இருக்கும், விகிதம் மாறாது.

முதலில் நேர்வழி, அதாவது விமான நிலையத்தில் ரெட் சேனலில் சுங்கத்திடம் சொல்லி வரி கட்டிவிட்டு வருவது. ஆறு மாதத்துக்குக் குறையாமல் வெளிநாட்டில் இருந்துவிட்டுத் திரும்பும் இந்தியருக்குத் தங்கத்தில் சலுகை உண்டு. இடையில் ஊருக்கு வந்துபோன நாட்கள் மொத்தம் முப்பதைத் தாண்டக் கூடாது. ஒரு கிலோ வரை கொண்டு வரலாம். 2024 ஜூலை பட்ஜெட்டில் தங்கத்தின் வரியை 15 சதவீதத்திலிருந்து 6 ஆகக் குறைத்தார்கள், இந்தச் சலுகைக்கும் அதே விகிதம்தான். ஆக பத்து லட்சத்துக்கு அறுபதாயிரம். (விகிதமும் விதியும் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறும், டிக்கெட் போடும்போது ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.) தங்கத்தின் மதிப்பை நம் ரசீதை வைத்துப் போட மாட்டார்கள், பதினைந்து நாளுக்கு ஒருமுறை அரசு அறிவிக்கும் மதிப்பை வைத்துத்தான் போடுவார்கள். இதில் பலரும் கோட்டை விடுகிற இடங்கள் இரண்டு. வரியை வெளிநாட்டுப் பணமாகக் கட்ட வேண்டும், கையில் ரூபாய்க் கட்டை வைத்துக்கொண்டு கவுன்டரில் நின்றால் வேலைக்கு ஆகாது. அப்புறம், கல்லோ முத்தோ பதித்த நகைக்கு இந்தச் சலுகை கிடையாது.

இது போக, ஒரு வருடத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்தவர்களுக்கு ஆணுக்கு 20 கிராம், பெண்ணுக்கு 40 கிராம் நகை வரியில்லாமல் என்று தனியாக ஒரு விதி இருக்கிறது. 2026 பிப்ரவரி வரை இருந்த 2016 விதிகளில் இதற்கு 50,000 ரூபாய், ஒரு லட்சம் ரூபாய் என்று மதிப்பு வரம்பும் வைத்திருந்தார்கள். தங்கம் ஏறிய ஏற்றத்தில் 50,000 ரூபாய்க்கு 20 கிராம் எங்கே கிடைத்தது? கிராம் கணக்கை மட்டும் நம்பி கிரீன் சேனலில் (வரி கட்ட எதுவும் இல்லை என்பவர்கள் போகும் வழி) நடந்து மாட்டியவர்கள் பாவம், அவர்கள் கடத்த நினைத்தவர்களே இல்லை.

இரண்டாவது, சட்டைக்குள் வழி. இதில் மிச்சமாகும் அதிகபட்சத் தொகை அந்த அறுபதாயிரம்தான், அதற்கு மேல் ஒரு பைசாவும் வராது. அதற்காகப் பந்தயத்தில் வைப்பது பத்து லட்சம். சொல்லாமல் கொண்டுவந்தது பிடிபட்டால் 1962ஆம் வருடச் சுங்கச் சட்டப்படி நகை பறிமுதல். அபராதம் பொருளின் மதிப்பு வரைக்கும் போகலாம். மீட்புத் தொகை கட்டி நகையைத் திரும்ப எடுக்க விடுவார்களா என்பது பெரும்பாலும் அதிகாரியின் முடிவு. அதற்கு மேல் வக்கீல், மேல்முறையீடு, அலைச்சல். இதில் இன்னொன்று, மற்ற பெரும்பாலான குற்றங்களில் போலீஸ்தான் நிரூபிக்க வேண்டும். தங்கத்தில் தலைகீழ், சட்டத்தின் 123ஆம் பிரிவுப்படி இது கடத்தல் தங்கம் இல்லை என்று நாம்தான் காட்ட வேண்டும். "வாங்கினது எங்கேயோ ஞாபகம் இல்லை சார்" என்ற பேச்சு அங்கே எடுபடாது.

பட்டனைப் போட்டால் தெரியாது என்று ரூமில் சொல்பவர்கள் ஸ்கேனரை மட்டும்தான் நினைக்கிறார்கள். பயணிகளின் விவரம் விமானம் இறங்குவதற்கு முன்பே இங்கே வந்துவிடுகிறது, யார் அடிக்கடி வருகிறார், எத்தனை நாள் தங்கினார் என்பதெல்லாம் அதில் தெரியும். பேஸ்டாகக் குழைத்து, கேப்ஸ்யூலாக்கி உடம்புக்குள் வைத்து வந்தவர்களையே திருச்சியிலும் சென்னையிலும் வாராவாரம் பிடிக்கிறார்கள், சட்டைக் காலருக்குள் தொங்கும் சங்கிலி எம்மாத்திரம்?

அதற்காகப் போட்டிருக்கும் எல்லா நகையும் கடத்தல் என்று அர்த்தமில்லை. 2023 கடைசியில் இலங்கையிலிருந்து சென்னைக்கு வந்த ஒரு புதுப்பெண்ணின் தாலிக்கொடியையும் வளையல்களையும் சுங்கத்துறை எடுத்துக்கொண்டது. திருப்பிக் கொடுக்கச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஆனால் தீர்ப்பு வர ஒரு வருடத்துக்கு மேல் ஆகி, 2025 பிறந்துவிட்டது. ஜெயித்தாலும் அவ்வளவு நாள் தாலி இல்லாமல்தான். ஊரிலிருந்து நகை போட்டுக்கொண்டு போகிறவர்கள், கிளம்பும்போதே விமான நிலையச் சுங்கத்தில் காட்டி ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்கிக்கொண்டால் திரும்பும்போது இந்தப் பேச்சே எழாது. வாங்குகிறவர்களை நான் பார்த்ததே இல்லை என்பது வேறு விஷயம்.

மூன்றாவது, குருவி, அதாவது கூலிக்கு அடுத்தவர் நகையைக் கொண்டுவரும் ஆள். இதுதான் எனக்கு வயிற்றைக் கலக்குகிற வழி. நானே ஒருமுறை சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் திருச்சி விமானத்துக்கு வரிசையில் நிற்கும்போது, நெற்றியில் திருநீறும் கையில் சின்னப் பையுமாக, பார்த்தால் யார் வீட்டுச் சித்தப்பாவோ என்று தோன்றும் ஒருவர் பக்கத்தில் வந்து, "தம்பி, இந்தச் செயினை மட்டும் போட்டுக்கிட்டு வாங்க, வெளியே நம்ம ஆள் நிப்பாரு, ஏதாவது பார்த்துப் பண்ணிடலாம்" என்றார். செயின் நாய்ச் சங்கிலி தடிமன், புத்தம் புதுசு, கொக்கியில் கடைக்காரர் கட்டிய நூல்கூட அறுக்கவில்லை. வேண்டாம் என்றேன். அடுத்த நிமிடம் எனக்குப் பின்னால் நின்ற பையனிடம் போய்விட்டார்.

குருவிக்குக் கிடைப்பது டிக்கெட்டும் கைச்செலவும். பிடிபட்டால் பெயர், பாஸ்போர்ட், வழக்கு எல்லாம் குருவி பேரில், வெளியே நின்ற ஆள் அதற்குள் ஆட்டோ ஏறியிருப்பார். கொடுத்தனுப்பியவரும் தப்பியதாக அர்த்தமில்லை, போன் உரையாடலைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். அல்லது குருவியே நகையோடு பறந்துவிட்டால் யாரிடம் போய்ப் புகார் கொடுப்பது? 2024இல் சென்னை விமான நிலையத்துக்குள்ளேயே ஒரு பரிசுப்பொருள் கடையை வைத்து, வேறு விமானத்துக்கு மாறிப்போகும் பயணிகள் மூலம் இரண்டு மாதத்தில் 267 கிலோ தங்கம் வெளியே போனதாகச் சுங்கத்துறை சொன்னதே, அந்த மாதிரிப் பெரிய வலையில் எங்கோ ஒரு முடிச்சாக நம் பேரும் இருந்தால், அபராதத்தோடு நிற்காது. சந்தை மதிப்பு ஒரு கோடியைத் தாண்டினால் ஏழு வருடம் வரை சிறை. கடத்தலைத் தடுக்க 1974இல் வந்த காஃபிபோசா சட்டத்தில் விசாரணையே இல்லாமல் ஒரு வருடம் வரை உள்ளே வைக்கலாம்.

நான்காவது, ஊரிலேயே வாங்குவது. யாரும் பெரிதாக நினைப்பதில்லை, ஆனால் கணக்கைப் பாருங்கள். இங்கே கடையில் கொடுக்கும் விலைக்குள்ளேயே அந்த 6 சதவீதமும் மேலே 3 சதவீத ஜிஎஸ்டியும் உட்கார்ந்திருக்கிறது. நேர்மையாக வரி கட்டிக் கொண்டுவந்தால் மிச்சம் அந்த 3 சதவீதத்துக்குப் பக்கத்தில்தான். சிங்கப்பூரில் நகைக்கு 9 சதவீத ஜிஎஸ்டி வேறு, அதைத் திரும்ப வாங்கும் வசதி சுற்றுலாப் பயணிக்குத்தான், வேலை பெர்மிட்டில் இருப்பவனுக்குக் கிடையாது. அப்போது நகையாக வாங்கினால் மச்சினனுக்கு நஷ்டம்தான். சுத்தத் தங்கக் கட்டிக்கும் காசுக்கும் அந்த ஜிஎஸ்டி இல்லை என்பதால் அது மட்டும் ஓரளவு தேறும். ஒரு வாரம் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவருக்கு 6 சதவீதச் சலுகையும் இல்லை, எல்லாம் சேர்த்து 38.5 சதவீதம் வரை வந்துவிடும். அவர்கள் தங்கத்தை மறந்துவிட்டு சாக்லேட்டும் தைலமும் வாங்கி வருவது உத்தமம்.

ஆக மச்சினனுக்கு நான் சொன்னது: கட்டியாக வாங்கு, சீரியல் எண்ணும் எடையும் அச்சடித்ததாகப் பார்த்து வாங்கு, ரசீதைப் பாஸ்போர்ட்டோடு வை, வரிக்குத் தேவையான சிங்கப்பூர் டாலரைச் சட்டைப் பையில் வை, இறங்கியதும் ரெட் சேனலுக்குப் போ. நகையை நம்ம ஊர் ஆசாரியிடம் செய்துகொள்ளலாம். கல் வைத்த தோடு ஒன்று ஏற்கெனவே எடுத்துவிட்டானாம், அதை என்ன செய்வது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறோம்.